பக்கத்து வயலில் மனை பிரிக்கிறார்கள்: குடியிருப்போர் கேள்வி எழுப்பும் முறை

நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமோ ஒத்தக்கடைப் பக்கமோ, மதுரையின் எந்த விளிம்பில் குடியிருந்தாலும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் ஒரு நாள் பொக்லைன் இறங்கி, வரப்புகள் மட்டமாகி, வெள்ளையடித்த கற்கள் நடப்பட்டு, வண்ணக் கொடிகள் கட்டப்படுவதைக் காண நேரிடும். அன்று மாலையே தெருவில் ஒரு மனு தயாராகிறது. "எங்கள் பகுதி மக்களின் அமைதியான வாழ்வு பாதிக்கப்படும்" என்ற வாசகத்தோடு நூறு கையெழுத்துகள் அதில் சேர்கின்றன. திங்கட்கிழமை அந்த மனு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்படுகிறது. அங்கிருந்து வட்டாட்சியருக்குப் போய், வட்டாட்சியரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்குப் போய், "மனுதாரர் குறிப்பிடும் இடம் பட்டா நிலம்" என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடுகிறது. பெரும்பாலான மனுக்களின் கதை இதுதான். அவற்றில் புல எண் (சர்வே எண்) இருப்பதில்லை. எந்த விதி மீறப்படுகிறது என்ற குறிப்பும் இருப்பதில்லை. கோரிக்கை நியாயமாக இருந்தும், அதை எடுத்து விசாரிக்க அலுவலருக்கு ஒரு பிடி கிடைப்பதில்லை.

புதிய குடியிருப்பு வருவதையே தடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள். பட்டா நிலத்தில் விதிப்படி மனை பிரிக்கவும் அடுக்குமாடி கட்டவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் மழைநீர் போகும் வழியை அடைக்காமல், இருக்கும் சாலையும் சாக்கடையும் தாங்கும் அளவுக்குள், சட்டம் கேட்கும் பூங்கா இடத்தை விட்டு அந்தக் குடியிருப்பு அமைகிறதா என்று கேட்கும் உரிமை அக்கம்பக்கத்தில் வாழும் எவருக்கும் உண்டு. அந்தக் கேள்வியைக் காலத்தோடும் ஆவணத்தோடும் கேட்பது எப்படி என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதலில் புல எண்

எந்த இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த இடத்தின் கிராமப் பெயரையும் புல எண்ணையும் உட்பிரிவோடு கண்டுபிடிப்பதே முதல் வேலை. விளம்பரத் தட்டியில் நகரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். புல எண் இருக்காது. இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஏற்கெனவே பட்டா வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரரிடம் அவருடைய புல எண்ணைக் கேட்டு, அதன் புலப்படத்தை (அந்தப் புலத்தின் அளவு வரைபடத்தை) பார்த்தால் ஓரங்களில் அடுத்தடுத்த புலங்களின் எண்கள் எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து தேவையான எண்ணைப் பிடித்துவிடலாம். கிராம வருவாய்க் கணக்கில் இருக்கும் நிலங்களுக்குப் பட்டா, 'அ' பதிவேடு (ஒவ்வொரு புலத்தின் வகையும் பரப்பும் எழுதிய கிராமக் கணக்கு), புலப்படம் மூன்றையும் தமிழக அரசின் இணையவழி நிலப் பதிவேட்டுச் சேவையில் பார்க்கலாம். நகர அளவைக்குள் வந்துவிட்ட பகுதிகளுக்கு நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பத்திரப் பதிவுத் துறையின் தளத்தில் அதே எண்ணுக்கு வில்லங்கச் சான்றைப் பார்த்தால், நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, பவர் யாரிடம் இருக்கிறது, மனைகள் விற்கத் தொடங்கிவிட்டார்களா என்பது தெரியும்.

'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். நஞ்சை, புஞ்சை, நத்தம், தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, ஓடை, வாய்க்கால், ஊரணி என ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டத்தில் ஒரு பின்விளைவு உண்டு. இப்போதைய பதிவேட்டோடு நின்றுவிடாமல், பழைய எஸ்எல்ஆர் எனப்படும் நிலவரித்திட்டப் பதிவேட்டையும், யுடிஆர் எனப்படும் நில உடைமை மேம்பாட்டுக் கணக்கெடுப்புக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் ஒப்பிடுவது நல்லது. யுடிஆர் காலத்தில் எண்கள் மாறின. சில இடங்களில் வகைப்பாடும் மாறிவிட்டது. பழைய பதிவேட்டில் "ஓடை" என்றும் புதியதில் "தரிசு" என்றும் ஒரே துண்டு நிலம் பதிவாகியிருந்தால், அந்த வேறுபாடு மட்டுமே ஒரு முழு மனுவுக்குப் போதும்.

தண்ணீர் போகும் வழி

மதுரையைச் சுற்றி எழும் கவலைகளில் மிகவும் வலுவானது தண்ணீர் சார்ந்ததே. மாடக்குளம், வண்டியூர், செல்லூர், நிலையூர், தென்கால், அவனியாபுரம் என்று இங்கே கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்ததற்குப் போகும். அங்கிருந்து வைகைக்கோ கிருதுமாலுக்கோ போகும். கிருதுமாலே இன்று நகருக்குள் சாக்கடையாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும், நீர்நிலை வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்றக் கிளையின் கட்டடம் எழுந்ததே உலகநேரிக் கண்மாய் நிலத்தில்தான் என்பதும் இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்பதற்குச் சாட்சி. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய் நீர் தெருக்களுக்குள் புகுந்ததை நகரம் மறந்திருக்காது.

ஆகவே புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் அச்செடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் முடிந்தால் பழைய நீர்பாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு, மேலே இருக்கும் கண்மாயின் கலுங்கிலிருந்து (உபரி நீர் வழியும் இடத்திலிருந்து) கீழ்நோக்கி நடந்து பார்க்க வேண்டும். மடைகளிலிருந்து புறப்படும் வாய்க்கால்கள் எங்கே, மறுகால் ஓடை எங்கே, மேட்டிலிருந்து வரும் வரத்துக் கால்வாய் எங்கே என்பதை வரைபடத்தில் நீலப் பேனாவால் குறித்துக்கொண்டே போகலாம். புதிய மனைப்பிரிவின் எல்லைக்குள் அந்தக் கோடுகளில் ஏதேனும் ஒன்று நுழைந்தால், அது மூன்று நிலைகளில் ஒன்றாக இருக்கும்.

வாய்க்காலுக்குத் தனிப் புல எண் இருந்து, பதிவேட்டில் அது புறம்போக்காக இருந்தால், அது அரசுக்குச் சொந்தம். அதை மூடுவதோ இடம் மாற்றுவதோ நேரடியான ஆக்கிரமிப்பு. ஒரு புலத்தின் உட்பிரிவாக மட்டும் வாய்க்கால் பதிவாகியிருந்தாலும் இதே வாதம் பொருந்தும். ஆனால் மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த உட்பிரிவு தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதைச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது நிலைதான் சிக்கலானது. புலப்படத்தில் கோடாகக்கூட இல்லாமல், பட்டா நிலத்துக்குள்ளேயே தலைமுறைகளாக ஓடிவந்த வயல் வாய்க்கால் அது. அரசுக்கு அதில் உரிமை இல்லை. ஆனால் கீழே பாசனம் செய்யும் விவசாயிகளுக்கு நீர்ப் பாத்தியம் உண்டு. இந்த நிலையில் குடியிருப்போர் சங்கம் தனியாகப் பேசினால் எடுபடாது. பாசனம் செய்யும் விவசாயிகளையே முதல் மனுதாரர்களாக்க வேண்டும்.

அடுத்து மட்டம். இதைப் பற்றி மனுக்களில் யாரும் எழுதுவதில்லை, ஆனால் பழைய தெருக்களில் தண்ணீர் நிற்பதற்கு இதுவே பெருங்காரணம். புதிய மனைப்பிரிவை லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்துகிறார்கள். அதன் சாலை நமது தெருவைவிட இரண்டடி மேலே அமைகிறது. அதுவரை வயலில் பரவி வடிந்த மழைநீர் நமது வாசலுக்குத் திரும்புகிறது. இதை நிரூபிக்கப் பொறியாளர் தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, நமது தெருவின் கடைசி வீட்டுச் சுற்றுச்சுவரில் தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரு கோடு போட்டு, குழாயின் ஒரு முனைத் தண்ணீரை அந்தக் கோட்டில் நிறுத்தி, மறுமுனையைப் புதிய மண்மேட்டின் ஓரத்தில் நட்ட கம்பில் பிடித்தால், அங்கே தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதிலிருந்து உயர வேறுபாடு அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும். வரப்பு ஓரமாக நான்கைந்து இடங்களில் இப்படி அளந்து, தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மண் கொட்டுவதற்கு முன்பே அளந்துவிட்டால் இன்னும் நல்லது. பிறகு "இங்கே ஏற்கெனவே மேடாகத்தான் இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

வாய்க்காலை மூடவில்லை, குழாய் பதித்திருக்கிறோம் என்று நிறுவனத்தார் சொன்னால், பதிவேட்டின்படி வாய்க்காலின் அகலம் என்ன, பதித்த சிமென்ட் குழாயின் விட்டம் என்ன என்று கேட்கலாம். பதிவேட்டில் மூன்று மீட்டர் அகலம் உள்ள ஓடைக்கு இரண்டடிக் குழாய் எந்தக் கணக்கில் போதும் என்ற கேள்விக்கு நீர்வளத் துறைதான் பதில் சொல்ல வேண்டும். நீர்நிலையை ஒட்டிய இடம் என்றால் அந்தத் துறையின் தடையில்லாச் சான்று கோப்பில் இருக்க வேண்டும். அந்தச் சான்றில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிப் படிப்பது அவசியம். கண்மாய் ஆக்கிரமிப்பு தெளிவாகத் தெரிந்தால், 2007-ஆம் ஆண்டின் கண்மாய்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தைக் குறிப்பிட்டு நீர்வளத் துறைக்கே நேரடியாக எழுத வேண்டும்.

சாலை, கழிவுநீர், குடிநீர்

புதிய மனைப்பிரிவுக்குப் போகும் வழி நமது தெரு வழியாகத்தான் என்றால், "எங்கள் தெருவில் வரக் கூடாது" என்ற வாதம் நிற்காது. நமது மனைப்பிரிவும் ஒரு காலத்தில் அனுமதி பெற்றபோது, அதன் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். அது பொதுச் சாலை. கேட் போட்டு மறிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் சாலையின் அகலத்தைப் பற்றிய கேள்வி முற்றிலும் சரியானது. 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்தை 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயரமான கட்டடம் என்று வகைப்படுத்துகின்றன; அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். வரைபடத்தில் 12 மீட்டர் என்று காட்டப்பட்ட சாலை நேரில் எவ்வளவு இருக்கிறது என்பதை டேப் பிடித்து, மிகக் குறுகலான இடத்தில், ஒரு சுற்றுச்சுவரிலிருந்து எதிர்ச் சுற்றுச்சுவர் வரை அளக்க வேண்டும். மின்மாற்றி நிற்கும் இடத்தையும், யாரோ படிக்கட்டை வெளியே இழுத்துக் கட்டிய இடத்தையும் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் படிக்கட்டு நமது சங்கத் தலைவருடையதாக இருந்தால், அளப்பதற்கு முன்னால் அவரிடம் பேசி இடித்துவிடுவது மானத்தைக் காக்கும்.

உயரம் பற்றிய இன்னொரு விதி நகரின் மையத்துக்கு மட்டும் உரியது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் கட்டடங்கள் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. யானைமலை, சமணர் மலை போன்ற இடங்களில் உள்ள மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. விளிம்புப் பகுதிகளில் இவை பெரும்பாலும் பொருந்தாது; பொருந்தும் இடத்தில் இவற்றைவிட வலுவான வாதம் இல்லை.

கழிவுநீரைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: சுத்திகரித்த நீரும் சுத்திகரிக்காத நீரும் எங்கே போய் விழும்? பாதாளச் சாக்கடை வராத விரிவாக்கப் பகுதிகளில், அடுக்குமாடிகளின் கழிவுநீர் மழைநீர் வடிகால் வழியாகக் கண்மாய்க்குப் போவதை நாம் பல இடங்களில் பார்க்கிறோம். பெரிய திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். அந்த இசைவில் வெளியேற்றும் இடம் குறிப்பிடப்பட்டிருக்கும். குடிநீருக்கு மாநகராட்சி இணைப்பா, ஆழ்துளைக் கிணறா, லாரித் தண்ணீரா என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடலாம். சுற்றியுள்ள வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் கோடையில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கிறது என்ற பட்டியலை இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

கோப்பு இருக்கும் மேசை

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமே இதற்கெல்லாம் அடிப்படை. மனைப்பிரிவோ கட்டடமோ அதன் அளவைப் பொறுத்து, டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்திலோ, திட்டக் குழுமத்திலோ, சென்னையில் உள்ள இயக்ககத்திலோ கோப்பு நகரும். உயரமான கட்டடங்களின் கோப்பு சென்னைக்குப் போகும். இறுதி அனுமதியை வழங்குவது மாநகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த நிலம் வேளாண் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தால், முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றம் நடக்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலத்தை மாற்ற இச்சட்டத்தின் 47-அ பிரிவின்கீழ் முன் அனுமதி வேண்டும். முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தரப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. செய்தித்தாளில் வரும் அந்தச் சிறிய எழுத்து அறிவிப்பைப் பார்க்கும் பொறுப்பைச் சங்கத்தில் ஒருவருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுவது நல்லது.

காலம் இங்கே மிகவும் முக்கியமானது. மனைப்பிரிவு விண்ணப்பத்தில் முதலில் சாலைகளும் பூங்காவும் காட்டப்பட்ட வரைபடம் ஏற்கப்படும். பிறகு அந்தச் சாலைகளையும் பொதுத் திறவிடத்தையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அது பதிவான பின்னரே இறுதி அனுமதி எண் கிடைக்கும். தானப் பத்திரம் பதிவாவதற்கு முன்னால் கொடுக்கும் ஆட்சேபணைக்குக் கோப்பில் இடம் உண்டு. அதன் பிறகு கொடுப்பதை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கோப்பைத் திறக்க ஒருவருக்கும் மனம் வராது. ஆகவே விளம்பரத்தில் "டிடிசிபி அப்ரூவ்டு" என்று இருக்கிறதா, "அப்ரூவலுக்கு விண்ணப்பிக்கப்பட்டது" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டம், 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு பெறாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண் இல்லாத நோட்டீஸ் கையில் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். பதிவு இல்லாமல் விற்பதற்குத் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பதிவு இருந்தால், தமிழ்நாடு ரெரா தளத்திலேயே அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்க்க முடியும். அலைச்சல் பாதி குறையும்.

தளத்தில் கிடைக்காதவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்" என்று கேட்பது வீண். அது தகவல் கேட்பதாகக் கருதப்படாது. இன்ன கிராமம், இன்ன புல எண்ணில் மனைப்பிரிவுக்காக வந்த விண்ணப்பத்தின் நகல், வரைபடம், நீர்வளத் துறை மற்றும் வேளாண்மைத் துறையின் சான்றுகள், தல ஆய்வு அறிக்கை, அலுவலகக் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது இன்னும் பயன் தரும். எதை நகலெடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

சுற்றுச்சூழல் அனுமதி பற்றிப் பலரிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடப் பரப்புக்கு முன் அனுமதி வேண்டும் என்பது சரி. ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு அந்த அறிவிக்கை பொது விசாரணையிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஆகவே ஆட்சியர் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பார் என்று காத்திருந்தால் காலம்தான் போகும். மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, மாநில மதிப்பீட்டு ஆணையத்துக்கு நாமே எழுத வேண்டும். அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள்தான்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கலாம்.

மனு எழுதுவது

ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டுமே இருக்க வேண்டும். வாய்க்கால் பற்றி நீர்வளத் துறைக்கு ஒன்று, சாலை அகலம் பற்றித் திட்டக் குழுமத்துக்கு ஒன்று, கழிவுநீர் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்று என்று பிரித்து எழுதினால், ஒவ்வொரு அலுவலகமும் "இது எங்கள் துறை சார்ந்ததன்று" என்று தட்டிக்கழிக்க முடியாது. நூறு கையெழுத்தைவிட, வீட்டு எண்ணும் முகவரியும் கொண்ட பதினைந்து கையெழுத்தும் மூன்று ஆவண நகலும் பயன் தரும். வாசகம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"மதுரை மாவட்டம், (வட்டத்தின் பெயர்) வட்டம், (கிராமத்தின் பெயர்) கிராமம், புல எண் (எண்/உட்பிரிவு) உள்ளிட்ட நிலங்களில் மனைப்பிரிவு அமைக்க விண்ணப்பம் பெறப்பட்டுள்ளதாக அறிகிறோம். மேற்படி நிலத்தின் வடபுறம் உள்ள புல எண் (எண்) 'அ' பதிவேட்டில் 'வாய்க்கால்' என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது (நகல் இணைப்பு 1). புலப்படத்தின்படி அதன் அகலம் (அளவு) மீட்டர் (இணைப்பு 2). (தேதி) அன்று எடுக்கப்பட்ட புகைப்படங்களில் அந்த வாய்க்கால் மண்ணிட்டு மூடப்பட்டிருப்பது தெரிகிறது (இணைப்பு 3). எனவே, நில அளவையர் மூலம் வாய்க்காலின் எல்லையை அளந்து கல் நடவும், அது மீட்கப்படும் வரை மனைப்பிரிவு விண்ணப்பத்தின் மீது இறுதி முடிவு எடுக்காமல் இருக்கவும், எங்கள் தரப்பை நேரில் கேட்கவும் வேண்டுகிறோம்."

இதில் யாரையும் பழிக்கவில்லை, எவரும் லஞ்சம் வாங்கியதாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோபத்தில் எழுதும் அப்படிப்பட்ட ஒரு வரி, மீதமுள்ள நல்ல வரிகளையும் கெடுத்துவிடும். அவதூறு நோட்டீசுக்கும் வழி வைக்கும். மனுவை நேரில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்க வேண்டும். அல்லது விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை கொடுத்த மனுவின் எண்ணையும் 1100 உதவி எண்ணில் பதிந்த புகாரின் எண்ணையும் ஒரே நோட்டில் தேதி வாரியாக எழுதி வைப்பவர் தெருவில் ஒருவராவது இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் எவரேனும் தெருவில் இருந்தால், அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார்.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையை விட்டுவிடக் கூடாது. குடியரசு நாள், மார்ச் 22, மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபையில் புல எண்ணோடு தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தீர்மானத்தால் மட்டும் அனுமதி நின்றுவிடாது. ஆனால் பின்னால் நீதிமன்றம் போகும்போது, ஊர் முன்கூட்டியே எச்சரித்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. மாநகராட்சி வார்டு என்றால் கவுன்சிலரிடம் பேசுவதோடு நிற்காமல், பகுதி சபையிலும் மனுவாகக் கொடுக்கலாம்.

நிலத்தின் உரிமையாளரோடும் மனை விற்கும் நிறுவனத்தோடும் ஒரு முறையாவது நேரில் உட்கார்ந்து பேசுவதை நான் வற்புறுத்துவேன். சங்கங்கள் பல, விலைபோய்விட்டார்கள் என்ற பேச்சு வருமோ என்று பயந்து இதைத் தவிர்க்கின்றன. இருவர் மூவராகப் போய், பேசியதை அன்றே எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. சாலை மட்டத்தை ஓரடி குறைப்பது, வாய்க்காலுக்குப் பெரிய பெட்டிப் பாலம் போடுவது, லாரிகளைப் பள்ளி நேரத்தில் நிறுத்துவது போன்றவை அலுவலகங்கள் வழியாக ஆறு மாதம் ஆகும். மேசையில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மனை விற்க வேண்டியவருக்கு வழக்கு என்ற சொல் பிடிக்காது என்பதை நினைவில் வைத்துப் பேசினால் போதும்.

சில ஆட்சேபணைகளை எழுதாமல் விடுவதே நல்லது. காற்று வராது, மலை தெரியாது, வாடகை இறங்கிவிடும் என்பவை சட்டத்தில் நிற்காது. "எப்படிப்பட்டவர்கள் குடிவருவார்களோ" என்ற கவலை அதைவிட மோசமானது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வருகிறது என்றால் சில தெருக்கள் உடனே கொதிக்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கென 10 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற விதியையே குறையாகச் சொல்கின்றன. அந்த வாதத்தை மனுவில் சேர்த்தால், வாய்க்கால் பற்றிய உண்மையான குறையும் சாதியும் வசதியும் பார்க்கும் சாக்காகவே அலுவலருக்குத் தோன்றும். அப்படித் தோன்றுவதில் தவறும் இல்லை.

அனுமதி வந்த பிறகு

எல்லாம் மீறி அனுமதி வந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. மனு கொடுத்தும் பதில் வராத நிலையில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப் பேராணை (ரிட்) கேட்டு மனு தாக்கல் செய்யலாம். முதல் கட்டத்தில், மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரங்களில் முடிவெடுக்குமாறு உத்தரவு கிடைப்பதே வழக்கம். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. அதன் பிறகு அலுவலர் ஒரு காரணம் எழுதியாக வேண்டும், அந்தக் காரணத்தை அடுத்த வழக்கில் கேள்வி கேட்கலாம். நில அளவை ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரைத் தேடுவது, பெயர் பெற்றவரைத் தேடுவதைவிட நல்லது.

கட்டுமானம் அனுமதித்த வரைபடப்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் அக்கம்பக்கத்தவரால்தான் முடியும். வாகன நிறுத்தத்துக்கு என்று காட்டிய தரைத்தளத்தில் கடை எழுந்தால், பணி நிறைவுச் சான்று வழங்கப்படுவதற்கு முன்பே படத்தோடு எழுத வேண்டும். சான்று கொடுத்த பிறகு நடவடிக்கை எடுக்க வைப்பது மிகவும் கடினம். பூங்கா இடத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேல் 10,000 வரையுள்ள மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் பூங்காவுக்கு விட வேண்டிய 10 சதவீதத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் விதியில் வழி உண்டு. 10,000-க்கு மேல் போனால் இடத்தைக் கட்டாயம் விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த இடத்தின் தானப் பத்திர எண்ணைத் தகவல் அறியும் உரிமையில் கேட்டு வாங்கி, வில்லங்கச் சான்றில் அது உள்ளாட்சியின் பெயரில் பதிவாகியிருப்பதைச் சரிபார்த்து, அதன் நான்கு எல்லைகளையும் அளந்து, கம்பி வேலி போட்டு உள்ளாட்சியின் பெயர்ப் பலகை வைக்கும்படி ஆணையருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ எழுத வேண்டும். பலகை இல்லாத பூங்கா இடம், கடைசி மனை விற்று முடிந்த பிறகு இன்னொரு மனையாகத் துண்டு போட்டு விற்கப்படுவது மதுரையைச் சுற்றிப் புதிதன்று.